தேவதைகள் குடித்தது போக

பொங்கல் விடுமுறையின் மூன்றாம் நாள் மாலை என் பழைய மாணவர் ஒருவர் வெள்ளானூருக்கு வந்திருந்தார். இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு, தமிழை மட்டும் நம்பிச் சோறு தின்ன முடியாது என்று (நான்தான் சொன்னேன், வேறு யார்?) வேறு படிப்புக்குப் போய், இப்போது சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருப்பவர். ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் பழமும் இனிப்பும் இருந்தன. தோள்பையில் இருந்த மரப்பெட்டியை, என் மனைவி காபி போட உள்ளே சென்ற பிறகுதான் வெளியே எடுத்தார். ‘ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது’ என்பது பீடிகை. பெட்டிக்குள் இருபத்தைந்து ஆண்டு பழமையான ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்.

ஆசிரியனும் மாணவனும் சேர்ந்து குடிக்கலாமா என்று கடிதம் எழுத நினைக்கும் அன்பர்களுக்கு: அவருக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். எனக்கோ ஆண்டுக்கு நான்கைந்து முறைக்குமேல் இந்தப் பழக்கம் இல்லை. இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

விலையைச் சொல்ல மறுத்தார். வற்புறுத்தியதும் சொன்னார். எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் உழைத்தாலும் கைக்கு வராத தொகை. அந்த எண் காதில் விழுந்த கணத்திலிருந்தே அந்தப் பாட்டிலை என்னால் ஒரு பாட்டிலாகப் பார்க்க முடியவில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்து, பக்கத்து வீட்டு சுபேதாரையும் அழைத்துக்கொண்டோம். ஆவடியைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவுக்கு ஒரு சுபேதாராவது இருப்பார். ராணுவ கேண்டீன் ரம் என்பது இப்பகுதியில் ஒரு தனி நாணயம். எலெக்ட்ரீஷியன் கூலியிலிருந்து சம்பந்தி மரியாதை வரை அதில் தீர்ந்த கணக்குகள் பல.

முதல் வாய் பருகியதும் நான் ‘அற்புதம்’ என்றேன். அது பொய். நாக்கில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூத்த கவிஞர் ஒருவர் புதுத் தொகுப்பைக் கையில் கொடுத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் அதே ‘அற்புதம்’. சுபேதார் நிதானமாக விழுங்கிவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்த வெலைக்கு என்ன இருக்குன்னு புரியலை’ என்றார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஸ்காட்ச் என்று பெயர் சூட்ட வேண்டுமானால் அந்த மது ஸ்காட்லாந்து மண்ணில், 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப்பீப்பாயில், குறைந்தது மூன்றாண்டு கிடந்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது சாராயத்தின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் உள்ள வயது, உள்ளே கலந்திருப்பவற்றுள் இளையதன் வயது. இவ்வளவும் சட்டம். பீப்பாயில் கிடக்கும் காலத்தில் மரம் மதுவுக்கு நிறமும் மணமும் தருகிறது. மது மரத்தின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் இந்த இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தேவதைகளின் பங்கு’. கணக்கில் வராத இழப்புக்குத் தெய்வத்தின் பேரைச் சொல்வது எல்லா நாட்டுக் குடியானவர்களுக்கும் பொதுவான குணம்போலும்.

பழைய மதுவின் விலைக்கு வியாபாரிகள் சொல்லும் முதற் காரணம் இந்த இழப்புதான். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு லிட்டர் ஊற்றி வைத்தால் 12 ஆண்டு முடிவில் சுமார் 78 லிட்டர் இருக்கும். 30 ஆண்டு முடிவில் சுமார் 55 லிட்டர். அதாவது தேவதைகள் குடித்ததற்காக விலை ஒன்றரை மடங்குகூட ஏற வேண்டியதில்லை. அடுத்த காரணம், முடங்கிக் கிடக்கும் முதலீடு. கூடுதலான அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டி போட்டால் நான்கு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஆறு மடங்கைத் தொடாது. கிடங்கு வாடகை, கெட்டுப்போன பீப்பாய்கள், காவல் எல்லாம் சேர்த்து எட்டு மடங்கு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். சந்தையில் 12 ஆண்டு மதுவுக்கும் 30 ஆண்டு மதுவுக்கும் உள்ள வேறுபாடு இருபது மடங்கு என்பது சாதாரணம். பெயர்பெற்ற ஆலைகளில் நாற்பதையும் தாண்டும். அந்த மிச்சம் எதற்கான விலை?

சுவைக்கு என்று சொல்ல முடியாது. மரத்தில் கிடக்கக் கிடக்க மது மேன்மேலும் சிறந்துகொண்டே போவதில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு மரத்தின் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கிவிடுகின்றன. சாராய அளவும் குறைந்து சட்டம் சொல்லும் 40ஐ நெருங்கிவிடுகிறது. நிறத்தைப் பார்த்து வயதை மதிப்பிடவும் வழியில்லை, ஏனென்றால் கருகிய சர்க்கரைச் சாயம் கலக்க அந்தச் சட்டமே அனுமதிக்கிறது.

வயது என்ற இந்த எண்ணே ஸ்காட்லாந்தின் குளிருக்கு மட்டும் பொருந்தும் எண் என்பதை நமக்கு அருகில் உள்ள ஓர் ஊர் காட்டிவிட்டது. பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட அம்ருத் ஆலையின் சிங்கிள் மால்ட், 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிமுகமானது பெங்களூரில் அன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். திருநெல்வேலியில் போய் அல்வாக் கடை திறப்பது போன்ற துணிச்சல். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், நம்மைவிடக் குளிரான பெங்களூரிலேயே தேவதைகளின் பங்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம். எட்டாண்டு வைத்தால் பீப்பாயில் பாதிக்கும் கீழேதான் மிஞ்சும். 2013இல் அவர்கள் வெளியிட்ட எட்டாண்டு மதுவுக்கு ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசைத் தேவதைகள் என்றே பெயர் வைத்தார்கள். (மாடியில் காயப்போட்ட வடகம் ஒரே பகலில் மொறுமொறுத்துவிடும் நம் வெள்ளானூரில் பீப்பாய் வைத்தால் தேவதைகளுக்குத் திருவிழாதான்.) ஆனால் அந்த வெப்பமே மதுவுக்கும் மரத்துக்குமான உறவை விரைவுபடுத்துகிறது. நான்கைந்து ஆண்டுகளிலேயே மது முதிர்ந்துவிடுவதால் பெரும்பாலான இந்திய சிங்கிள் மால்ட் புட்டிகளில் வயதே அச்சிடப்படுவதில்லை. பஞ்சாப் பார்லியையும் ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்த புகைமணப் பார்லியையும் கொண்டு உருவாக்கிய அம்ருத் ஃபியூஷனை, விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தம் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று குறித்தார். ஒருவரது நாக்கை உலகத்தின் நாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அதன் பிறகு, இருபத்தைந்து, முப்பது என்ற எண்கள் தாமாகவே தரத்தைச் சொல்லிவிடும் என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

இந்தியாவில் ‘விஸ்கி’ என்ற சொல்லின் கதையை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1826இல் நம் சென்னையில் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீமை மதுவையும் சுருட்டையும் இறக்கி விற்கத் தொடங்கிய கடையின் பெயர்தான் இன்று நாட்டில் மிக அதிகமாக விற்கும் விஸ்கிகளுள் ஒன்றின்மீது இருக்கிறது. ஆனால் இத்தகைய மலிவு விஸ்கிகள் பெரும்பாலும் மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தோடு கொஞ்சம் மால்ட் சேர்ந்தவை. ஐரோப்பியச் சட்டப்படி அவற்றை விஸ்கி என்றே அழைக்க முடியாது.

மாடிக்குத் திரும்புகிறேன். சுபேதாருடைய யோசனையின்படி ஒரு சோதனை நடந்தது. வீட்டில் முன்பே ஒரு நண்பர் தந்த பெங்களூர் மால்ட் கொஞ்சம் இருந்தது. நானும் மாணவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார, அவர் எவர்சில்வர் டம்ளர்களில் இரண்டையும் ஊற்றிக் கொடுத்தார். இருபத்தைந்து வயதுடையது என்று நான் உறுதியாகக் கைகாட்டியது பெங்களூர் மதுவை. மாணவர் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். ‘ரெண்டுல எது சாதுவா இருந்ததோ அதைச் சொன்னேன் ஐயா’ என்றார். ஆகவே வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. இருக்கிறது. அது நாற்பது மடங்கு வேறுபாடா என்பதுதான் கேள்வி.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விலை தெரியாமல் நடத்தப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஒயின் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில்லாத சாதாரண மனிதர்கள் விலை உயர்ந்த ஒயினை அதிகம் விரும்பவில்லை. சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஒரே ஒயினுக்கு அதிக விலை சொல்லிக் கொடுத்தபோது குடித்தவரின் மூளையில் இன்பத்துக்குரிய பகுதியே கூடுதலாக இயங்கியது. இவை ஒயினைப் பற்றியவை, விஸ்கியைப் பற்றியவை அல்ல. ஆனால் என் ‘அற்புதம்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

இன்னும் மேலே போனால் குடிப்பது என்ற செயலே மறைந்துவிடுகிறது. 1926இல் வடிக்கப்பட்டு, அறுபது ஆண்டு பீப்பாயில் இருந்து, 1986இல் நாற்பது புட்டிகளாக மட்டும் அடைக்கப்பட்ட மக்காலன் விஸ்கியில் ஒரு புட்டி, 2023 நவம்பரில் லண்டன் சோத்பி ஏலத்தில் 21 லட்சத்து 87 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று. நம் பணத்தில் 22 கோடி ரூபாய்க்கு மேல். இதைத் திறந்து குடிக்கப் போகிறவர் யார்? ஒரு நண்பர் என்னிடம் ‘சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்குக் கோடி கொடுப்பதில்லையா?’ என்று வாதிட்டார். சிலை பார்க்கப் பார்க்கத் தீர்வதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நானும் நீங்களும் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்த பிறகும் அது முழுதாக இருக்கிறது. மதுவையோ அழிக்காமல் அறிய முடியாது. திறக்காத புட்டி, யாரும் பிரிக்க அனுமதியில்லாத ஏட்டுக்கட்டைப் போன்றது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு விற்றவர் சொல்தான் சாட்சி.

அந்தச் சாட்சியும் எவ்வளவு தூரம் நிற்கும்? 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மாரிட்ஸ் நகர விடுதியொன்றில், 1878ஆம் ஆண்டு மக்காலன் என்று லேபிள் சொன்ன புட்டியிலிருந்து ஒரே ஒரு சிறு கிளாஸுக்குச் சீனப் பயணி ஒருவர் ஏறத்தாழ பத்தாயிரம் சுவிஸ் பிராங்க் கொடுத்தார். பின்னர் ஆய்வகத்துக்கு அனுப்பியபோது அது பெரும்பாலும் 1970களின் தொடக்கத்தில் வடிக்கப்பட்ட, மால்ட்கூட அல்லாத கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. விடுதிக்காரர் நேர்மையாளர், சீனாவுக்கே சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று கார்பன் கதிரியக்க முறையில் 55 அரிய புட்டிகளைச் சோதித்ததில் 21 போலி. இந்த உலகத்தில் குடிக்காமலே இருப்பதுதான் மரியாதைக்குப் பாதுகாப்பு.

இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து இறந்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்றவர் சொல்தான் சாட்சி. மெத்தனால் கலந்திருப்பதை நாக்கு கண்டுபிடிக்காது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே கதை. பத்தாயிரம் பிராங்க் ஏமாந்தவருக்குப் பணம் திரும்பி வந்தது. கருணாபுரத்தில் கூலி முடிந்து வந்து குடித்தவனுக்கு எது திரும்பி வரும்? ஒரு மதுவின் விலையில் முதலில் அடங்கியிருக்க வேண்டியது, உள்ளே இருப்பது இன்னது என்ற உறுதி. அந்த உறுதி நாற்பது மடங்கு விலையிலும் இல்லை, பாக்கெட்டிலும் இல்லை. நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது.

ஆகவே என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு ஆண்டு வரை கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு நாக்கில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அதற்குமேல் கொடுப்பது எண்ணுக்கும், பிறரால் வாங்க முடியாது என்ற மகிழ்ச்சிக்கும் கொடுக்கும் விலை. பரம்பரைச் செல்வர்கள் அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். தவணையில் வீடு வாங்கி, தவணையில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் என் மாணவர் போன்றவர்கள் வாங்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி ஸ்காட்ச் மீதான 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும் பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைய வேண்டும் என்பதால் இந்த ஆசை இன்னும் பல வீடுகளுக்கு வந்து சேரும். அதனால்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது.

ஆனால் வயதுக்கு மதிப்பே இல்லையா என்றால், இங்கே ஒரு சிக்கல். பழகிய மதுவைப் போற்றுவது ஸ்காட்லாந்துக்காரர் கற்றுத்தந்ததன்று. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த கள்ளை மலைபடுகடாம் சொல்கிறது. மண்ணில் புதைத்துப் பழகவைத்த தேறலைப் பாரியின் பறம்பில் கபிலர் சொல்கிறார். சீமைச் சரக்கு மோகமும் புதிதன்று. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாடல். அந்த மது வந்த சாடிகளின் உடைந்த ஓடுகளைத்தான் 1945இல் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார்கள். எனினும் மது என்றதும் தமிழ் மாணவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலை. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்கிறார். நிறைய இருந்தால் நாங்கள் பாட, உடனிருந்து தானும் உண்பான் என்கிறார். அரிதாக இருக்கும்போது கொடுத்துவிடுவது. அரிது என்பதற்காகப் பூட்டிவைக்கும் ஏலக்காரர்களின் இலக்கணத்துக்கு நேர் எதிர்.

அன்று மாடியில் சுபேதார் லேபிளை அலைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். ‘இது எந்த வருஷம் போட்டது?’ என்று கேட்டார். 1999இல் பீப்பாயில் நிரப்பியது என்றார் மாணவர். சுபேதார் சற்று நேரம் பேசவில்லை. அந்த ஆண்டு ஜூனில் அவர் திராஸில், பீரங்கிப் படைப்பிரிவில் இருந்திருக்கிறார். இரவில் கிடைக்கும் ரம்மைத் தன் பங்கோடு சேர்த்துத் தனக்கே ஊற்றிவிடும் ராஜபாளையத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவர் திரும்பி வரவில்லை. ‘நாங்க அங்க இருந்தப்போ இதை எவனோ ஊத்தி மூடி வெச்சிருக்கான்’ என்றார், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. அந்த நிமிடத்துக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணக்கில் அது அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவரே பேச்சை மாற்ற வேண்டி மாணவரிடம், ‘அப்பாவுக்கு என்ன தம்பி வாங்கிட்டு வந்தீங்க?’ என்றார். மாணவரின் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். மாணவர் தயங்கினார். ‘சட்டை, வேட்டி. அவருக்கு இதெல்லாம் புரியாதுங்க. டாஸ்மாக் குவார்ட்டர்தான் குடிப்பார்.’

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாத்தியாருக்கு மட்டும் புரியும் என்று அவர் நினைத்ததற்குக் காரணம், ஒரு மணி நேரத்துக்கு முன்பு நான் சொன்ன ‘அற்புதம்’ தவிர வேறென்ன? புரியாதது எனக்கும்தான் என்று அப்போதுதான் சொன்னேன். முக்கால்வாசி மிஞ்சியிருந்த பாட்டிலைப் பெட்டியில் வைத்து, அவர் எவ்வளவோ மறுத்தும், பையில் போட்டு அனுப்பினோம்.

மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். அப்பா சோடா கலந்து, வேர்க்கடலை வைத்துக்கொண்டு, மகனோடு உட்கார்ந்து குடித்தாராம். நெஞ்சைக் கரிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றாராம். விலை கேட்டிருக்கிறார். ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருக்கிறார் மகன்.

‘அவ்வளவா?’ என்றாராம் அப்பா.